கடிக்கிறான் என்று எழுதாதீர்கள்

சென்னை தம்புச் செட்டித் தெருவில், ஒரு பழைய கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் தட்டச்சுக் கடையில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். பிரமாணப் பத்திரம், வாடகை ஒப்பந்தம், வக்கீல் நோட்டீஸ் என்று காலையிலிருந்து மாலை வரை மற்றவர்களுடைய வாக்கியங்களை அடித்துக் கொடுப்பதுதான் என் தொழில். "விழுந்தார்" என்று வரவேண்டிய இடத்தில் "தள்ளப்பட்டார்" என்று வந்துவிட்டால் வழக்கே வேறாகிவிடும் என்பதால், வினைச்சொற்களைச் சற்று அதிகமாகவே உற்றுப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. அந்தப் பழக்கத்தால்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு ஒரு தனியார் மருத்துவமனையில் என் மகனுக்குக் கொடுத்த சீட்டில் ஆங்கிலத்தில் கிறுக்கப்பட்டிருந்த ஒரு வரி இன்றைக்கும் மனத்தை விட்டுப் போகவில்லை. தமிழில் சொன்னால் அது இப்படி வரும்: "ஒத்துழைக்காத குழந்தை, கடிக்கிறான்."

என் மகனுக்கு மூளை முடக்குவாதம். ஆங்கிலத்தில் செரிப்ரல் பால்சி; எங்களைப் போன்ற பெற்றோர் பேச்சில் சி.பி. என்றுதான் சொல்லிக்கொள்வோம். கை கால் நான்கிலும் தசை இறுக்கம் உண்டு, வலிப்பும் உண்டு, பேச்சு இல்லை, ஆனால் கண்ணாலும் குரலாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவான். அவன் வாய்க்குள் ஒரு கரண்டியோ விரலோ பல்லிலோ ஈறிலோ பட்டால் தாடை படாரென்று மூடிக்கொள்ளும். மூடிய தாடையை அவனாலும் உடனே திறக்க முடியாது. பிறந்த சில மாதங்களில் எல்லாக் குழந்தைகளுக்கும் இருந்து பிறகு மறைந்துவிடும் அனிச்சைச் செயல்களில் சில இவர்களுக்கு மறையாமல் தங்கிவிடுகின்றன. திடீர்ச் சத்தம் கேட்டால் உடம்பே தூக்கிப் போடுவதும், தலையை ஒரு பக்கம் திருப்பினால் அந்தப் பக்கத்துக் கை தானாக நீண்டுகொள்வதும் அந்த வகையைச் சேர்ந்தவைதான். ஆகவே "கடிக்கிறான்" என்ற வாக்கியத்தில் எழுவாயே தவறு. தாடை மூடிக்கொள்கிறது, அவன் கடிப்பதில்லை. பல் தொடர்பாக நாங்கள் செய்யும் ஒவ்வொரு காரியமும் இந்த ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்வதில்தான் தொடங்குகிறது என்பதால் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஐப்பசி மழை. அவனுக்கு அப்போது 10 வயது. துணி காயாததால் பெரம்பூர் வீட்டின் கூடம் முழுக்கக் கொடி கட்டியிருந்தோம், தரையெல்லாம் ஈரம். அவனைக் குளிப்பாட்ட அழைத்துப் போவதற்காக, பட்டை கட்டி அவனை உட்கார வைக்கும் சி.பி. சேரின் இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிட்டு, கொடியில் கிடந்த துண்டை எடுக்கத் திரும்பினேன். இரண்டு வினாடிதான் இருக்கும். பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. அவன் உடம்பு தூக்கிப் போட்டது. முகம் குப்புறத் தரையில் விழுந்தான். மற்றப் பிள்ளைகள் தடுக்கி விழுந்தால் கை முன்னே போய்த் தரையில் ஊன்றிக்கொள்ளும். முட்டி சிராய்க்கும், மணிக்கட்டு வலிக்கும், அதோடு போய்விடும். இவனுக்கு அந்தக் கை வராது. முதலில் தரையைத் தொடுவது முகம்தான். வாய் எப்போதும் சற்றுத் திறந்தே இருப்பதாலும், நாக்கு உள்ளிருந்து தள்ளிக்கொண்டே இருப்பதாலும், மேல் முன்பற்கள் பலருக்கு வெளியே நீட்டிக்கொண்டு இருக்கும். விழும்போது அடி வாங்குவதும் அவைதான்.

தூக்கி மடியில் போட்டபோது வாயெல்லாம் ரத்தம். மேல் முன்பல் ஒன்று முழுதாகக் காணவில்லை. பக்கத்துப் பல்லின் முனை உடைந்திருந்தது. உதடு உள்பக்கம் கிழிந்திருந்தது. அவன் தலையை முன்பக்கமாகவும் ஒருபுறமாகவும் சாய்த்துப் பிடித்தேன். ரத்தம் வரும்போது அண்ணாந்து பார்க்கச் சொல்வது நம் வீடுகளில் வழக்கம். விழுங்குவதிலேயே சிரமப்படும் குழந்தைக்கு அது மூச்சுக்குழலுக்கு வழி காட்டுவதாகிவிடும். மற்றக் குழந்தையிடம் பஞ்சைக் கொடுத்துக் கடித்துக்கொள் என்று சொல்லலாம். இவனிடம் அப்படி விட முடியாது, பஞ்சு உள்ளே போய்விடும். சுத்தமான துணியை நீளமாக மடித்து, ஒரு முனை வாய்க்கு வெளியே என் கையிலேயே இருக்கும்படி வைத்து, உதட்டோடு சேர்த்து அழுத்திப் பிடித்தேன். இடையில் எடுத்து எடுத்துப் பார்க்காமல் 10 நிமிடம் தொடர்ந்து அழுத்தினால்தான் ரத்தம் நிற்கும்.

பல்லைக் கண்டுபிடித்தவள் என் மூத்த மகள். துவைக்கும் இயந்திரத்துக்கு அடியில் கிடந்ததை எடுத்துக்கொண்டு ஓடிவந்தவள், "அம்மா, பல்லைக் கழுவிட்டு அந்தக் குழியிலேயே திரும்ப வெச்சு அழுத்தணும்னு ஸ்கூல்ல சொல்லிக் குடுத்தாங்க" என்றாள். அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது முற்றிலும் சரி. நிலைப்பல் முழுதாகப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டால், வேரைத் தொடாமல் வெள்ளைப் பகுதியை மட்டும் பிடித்து, அழுக்கிருந்தால் குளிர்ந்த நீரிலோ பாலிலோ 10 வினாடிக்கு மேல் போகாமல் அலசி, அதே குழியில் வைத்துக் கைக்குட்டையைக் கடிக்கச் சொல்லிப் பல் மருத்துவரிடம் ஓட வேண்டும் என்பதுதான் உலகமெங்கும் சொல்லப்படும் முறை. வேரின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய திசுக்கள் காய்ந்து போவதற்குள் செய்தாக வேண்டும். காற்றில் ஒரு மணி நேரம் காய்ந்துவிட்டால் அவை பிழைப்பது அரிது. பால் பல்லை மட்டும் எக்காரணம் கொண்டும் திரும்ப வைக்கக் கூடாது, அடியில் வளர்ந்துகொண்டிருக்கும் நிலைப்பல் கெட்டுவிடும்.

ஆனால் என் மகனின் வாய்க்குள் நான் ஒரு பல்லை வைத்து அழுத்தியிருந்தால் இரண்டில் ஒன்று நடந்திருக்கும். என் விரலின் மேல் தாடை மூடியிருக்கும். அல்லது பிடிப்பில்லாத பல் நழுவி மூச்சுக்குழலுக்குள் போயிருக்கும். பல்லைக் கன்னத்தில் அடக்கி எடுத்துப் போகலாம் என்ற இன்னொரு யோசனையும் இவனைப் போன்ற குழந்தைகளுக்கு ஆகாது. இதை நான் அந்தப் பதற்றத்தில் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. அதற்கு ஓராண்டு முன்பு, ஒரு சாதாரணப் பரிசோதனையின்போது, எங்கள் குழந்தைகள் பல் மருத்துவர் தாமாகவே சொல்லி வைத்திருந்தார்: "உங்க பையனுக்கு மட்டும் நீங்க வாயில வைக்க வேண்டாம்மா. பால்ல போட்டு எடுத்துட்டு ஓடி வாங்க. தண்ணியில போடாதீங்க." காலையில் வாங்கிய நீல நிற ஆவின் பாக்கெட் பாதி மிச்சம் இருந்தது. குளிர்ந்த பாலை எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிப் பல்லைப் போட்டு, மேலே கிண்ணத்தைக் கவிழ்த்து, மகள் மடியில் வைத்துக்கொண்டாள். ஆட்டோ பிடித்தோம்.

மருத்துவர் முதல் அழைப்பில் போனை எடுக்காததால் வழியில் இருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்குள் நுழைந்தோம். அங்கே பணியில் இருந்த இளைஞர் கெட்டவர் அல்ல; பயந்துபோயிருந்தார். பல்லைப் பார்க்கும் ஒரு உலோகக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு நேராக முன்பல்லுக்குப் போனார், தாடை மூடிக்கொண்டது, அவர் கண்ணாடியை இழுத்தார், இவன் அலறினான். முழு மயக்கம் கொடுக்காமல் தொட முடியாது, மயக்க மருந்து நிபுணர் நாளைக்குத்தான் வருவார் என்று சொல்லி, மேலே நான் குறிப்பிட்ட அந்த வரியை எழுதிச் சீட்டைக் கையில் கொடுத்தார். 15 நிமிடம் போயிற்று. அதற்குள் மருத்துவர் திரும்ப அழைத்துவிட்டார். ஓட்டேரியில் தேங்கியிருந்த மழைநீரைக் கடந்து புரசைவாக்கத்தில் இருந்த அவருடைய கிளினிக்கை அடைந்தபோது, பல் விழுந்து 55 நிமிடம் ஆகியிருந்தது. அதில் பெரும்பகுதி நேரம் அது பாலில்தான் இருந்தது.

அவர் பல்லைப் பார்த்தார். இவனைப் பார்த்தார். கடைசியாக வலிப்பு எப்போது வந்தது என்று கேட்டார். அந்த மாதத்தில் இரண்டு முறை, இரண்டும் தூக்கத்தில் வந்தவை என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, இந்தப் பல்லைத் திரும்ப வைக்கப்போவதில்லை என்றார். மழையில் அத்தனை பாடுபட்டு வந்தவளுக்கு அதைக் கேட்டு அழுகை வந்துவிட்டது. அவர் விளக்கியது இதுதான்: திரும்ப வைத்த பல்லைப் பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பியால் 2 வாரம் கட்டி வைக்க வேண்டும், வேர் சிகிச்சைக்குப் பலமுறை வர வேண்டும், பக்கத்துப் பல்லும் அடிபட்டிருக்கிறது, தாடை இந்த வேகத்தில் மூடிக்கொள்ளும் வாயில், தூக்கத்தில் வலிப்பு வரும் குழந்தைக்கு, இரவில் அந்தக் கட்டு தளர்ந்து பல் விழுந்தால் யாருக்கும் தெரியாமல் நுரையீரலுக்குப் போய்விடும். வலிப்பு முழுக்கக் கட்டுப்பட்டிருக்கும் வேறொரு சி.பி. குழந்தைக்கு அவரே பல்லை வைத்துக் கட்டியிருக்கிறாராம். குழந்தைக்குக் குழந்தை முடிவு மாறும் என்பதால், இந்த முடிவை எடுக்க வேண்டியவர் மருத்துவர்தான். பல்லைப் பாலில் போட்டு அவரிடம் கொண்டு சேர்ப்பதோடு நம் வேலை முடிகிறது.

உடைந்த முனை எங்கே என்று அவர் கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை. முழுப்பல்லைத் தேடிய நாங்கள் அந்தச் சிறு துண்டைத் தேடவே இல்லை. உதட்டுக்குள் புதைந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு, மார்பு எக்ஸ்ரே எடுக்க எழுதிக் கொடுத்தார். பேசத் தெரிந்த குழந்தை தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று சொல்லிவிடும். இருமல் வலுவாக இருக்கும் குழந்தை இருமித் துப்பிவிடும். இவனிடம் இரண்டும் இல்லை. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. துண்டு மறுநாள் துடைப்பத்தில் வந்தது. தடுப்பூசி அட்டையையும் அன்றைக்கே கேட்டார். 10 வயதுக்குரிய டி.டி. (டெட்டனஸ்-டிப்தீரியா) ஊசி போட்டாகியிருந்ததால் மீண்டும் தேவைப்படவில்லை.

இப்போது அந்த இடத்தில் ஒரு இடைவெளி இருக்கிறது. கழற்றி மாட்டும் பல் செட் போடலாமே என்று உறவினர்கள் கேட்கிறார்கள். வலிப்பு வரும் குழந்தையின் வாயில் கழன்று வரக்கூடிய எதையும் வைக்கக் கூடாது. எலும்பில் பதிக்கும் பல்லுக்கு வளர்ச்சி முழுதும் முடிந்திருக்க வேண்டும். ஆகவே இடைவெளி இருக்கட்டும்.

வலிப்பைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. பேருந்து நிறுத்தத்தில் இவனுக்கு வலிப்பு வந்தால் நல்ல மனத்தோடு நாலு பேர் சாவிக்கொத்தை நீட்டிக்கொண்டு ஓடிவருவார்கள். கையில் இரும்பைக் கொடுப்பதால் பயனும் இல்லை, பெரிய தீங்கும் இல்லை. ஆனால் நாக்கைக் கடித்துக்கொள்வான் என்று பற்களுக்கு இடையில் கரண்டியையோ சாவியையோ திணிப்பவர்களை மட்டும் நான் கையைப் பிடித்துத் தடுத்துவிடுவேன். உடைந்த பல் மூச்சுக்குழலுக்குப் போவதற்கு அதைவிட நேரான வழி இல்லை. நாக்கில் படும் காயம் ஆறிவிடும். அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கு அடியில் மெத்தென்று எதையாவது கொடுத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். 5 நிமிடத்தைத் தாண்டினால் 108.

விழுவது கண்ணுக்குத் தெரியும் ஆபத்து. பல்வலி தெரியாத ஆபத்து. அந்த விபத்துக்கு முந்தைய ஆண்டு இவன் ஏறக்குறைய மூன்று வாரம் தூங்கவில்லை. இரவில் உடம்பு வில்லாக வளையும், சாப்பிட வாயைத் திறக்க மாட்டான், வலது கையால் தன் கன்னத்தையே தட்டிக்கொள்வான், வலிப்பும் கூடியது. என் மாமியார் சூடு என்றார், திருஷ்டி கழித்தோம், நரம்பியல் மருத்துவர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். கடைசியில் பிசியோதெரபி கொடுக்கும் பெண்தான், "அக்கா, எதுக்கும் கடைவாய்ப் பல்லைப் பாத்துட்டு வாங்களேன்" என்றார். சொத்தை வேர்வரை போயிருந்தது. அதை எடுத்த அன்றிரவு எட்டு மணி நேரம் தூங்கினான். அன்றைக்குத்தான் நான் முதன்முதலாக அந்தப் பல் மருத்துவரைப் பார்த்தேன்.

பேச முடியாத குழந்தையின் வலியை அளக்க மருத்துவமனைகளில் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். முகம், கால்கள், உடலசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறானா என்ற ஐந்தையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் போட்டு 10க்கு இத்தனை என்று கணக்கிடுவார்கள். வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்காகத் திருத்தப்பட்ட வடிவத்தில், அந்தக் குழந்தைக்கே உரிய அடையாளங்களைப் பெற்றோர் சேர்த்துக்கொள்ளலாம். நான் "கால்கள்" என்ற வரிசையில் "இடது கால் கத்தரிபோல் வலது காலின் மேல் ஏறிக்கொள்ளும்" என்று அடித்து வைத்திருக்கிறேன். காரணம் தெரியாமல் இவன் மாறிப்போனால், காது, மலச்சிக்கல், பல் ஆகிய மூன்றையும் பார்த்த பிறகே மற்றவற்றை யோசிக்கிறேன்.

வலி என்று தெரிந்த பிறகு வீட்டில் செய்யக் கூடாதவை சில உண்டு. கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்து வைப்பது நம் ஊரில் பாட்டிகாலத்து வைத்தியம். பெரியவர்களுக்கு அது எப்படியோ போகட்டும். துப்பத் தெரியாத குழந்தை அதை விழுங்கிவிடும். சிறு குழந்தைகளுக்குக் கிராம்புத் தைலம் கல்லீரலைப் பாதிக்கும், வலிப்பையும் வரவழைக்கும். மரத்துப்போகச் செய்யும் ஜெல்லைத் தடவினால் ஏற்கெனவே தடுமாறும் விழுங்கும் செயல் இன்னும் தடுமாறும். பாரசிட்டமால் போதும், ஆனால் அதை எடையைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். நம் குழந்தைகள் பெரும்பாலும் வயதுக்குரிய எடையில் இருப்பதில்லை என்பதால், பாட்டிலில் வயது போட்டு அச்சிட்டிருக்கும் அளவு இவர்களுக்குப் பொருந்தாது. ஒரு வேளைக்கு ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்பது வழக்கமான கணக்கு. 20 கிலோ என்றால் 300 மில்லிகிராம். 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள பாட்டிலும் 250 உள்ள பாட்டிலும் ஒரே கடையில் அடுத்தடுத்து நிற்கும். எண்ணைப் பார்க்காமல் மூடியில் ஊற்றக் கூடாது.

வலியோடு வீக்கமும் வந்தால் அது வேறு கதை. கன்னம் வீங்கிக் காய்ச்சல் அடித்தால் அன்றைக்கே பல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். வீக்கம் கண் வரை ஏறினாலோ, தாடைக்கு அடியில் இரு பக்கமும் கல்போல் இறுகினாலோ, வாய் திறக்க முடியாமல் போனாலோ, மூச்சில் சத்தம் கேட்டாலோ பல் கிளினிக்கைத் தேடாமல் நேராகப் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். அந்த வீக்கம் மூச்சை அடைத்துவிடும். எங்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. திடீரென்று எச்சில் அதிகமாக ஒழுகுவது விழுங்க முடியாததன் அடையாளம் என்று எல்லோருக்கும் சொல்வார்கள். எப்போதும் எச்சில் ஒழுகும் குழந்தைக்கு அதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு நாளைக்கு எத்தனை கழுத்துத் துண்டு மாற்றுகிறோம் என்பதுதான் என் அளவுகோல். ஐந்து என்பது ஒன்பது ஆனால் நான் டார்ச்சை எடுத்துவிடுவேன்.

சொத்தை எங்கிருந்து வருகிறது என்றால், பாதி எங்கள் சமையலறையிலிருந்தும் பாதி மருந்தலமாரியிலிருந்தும். மென்று விழுங்க முடியாததால் எல்லாமே குழைந்த உணவு: ரசத்தில் கரைத்த இட்லி, சத்துமாவுக் கஞ்சி, மிக்ஸியில் அடித்த பருப்புசாதம். அது கன்னத்துக்கும் பல்லுக்கும் இடையில் ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் கிடக்கும். நாக்கால் துழாவி எடுக்க அவனுக்கு வராது. வலிப்பு மருந்துச் சிரப்பில் இனிப்பு இருக்கும், அதை இரவில் கொடுத்துவிட்டு அப்படியே தூங்க வைப்போம். எச்சிலைக் குறைக்கக் கொடுக்கும் மருந்து வாயை உலர்த்திவிடும். சில குழந்தைகளுக்குக் கொடுக்கப்படும் ஃபெனிட்டாயின் என்ற வலிப்பு மருந்து ஈறுகளைப் பல்லின் மேலேயே வளர்த்துவிடும். வயிற்றிலிருந்து மேலேறும் அமிலம் பல்லின் மேற்பூச்சை அரிக்கும். போதாததற்குத் தூக்கத்தில் பல்லை நறநறவென்று அரைப்பார்கள். குழாய் வழியாக உணவு கொடுக்கும் குழந்தைக்குப் பல் துலக்க வேண்டாம் என்று நினைப்பவர்கள் எங்கள் பெற்றோர் குழுவிலேயே இருந்தார்கள். மெல்லாத வாயில் பற்காரை இன்னும் வேகமாகப் படியும். அந்த அழுக்கு எச்சிலோடு நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா.

துலக்குவதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதலாம், ஆனால் எனக்குப் பலன் கொடுத்ததை மட்டும் சொல்கிறேன். முன்பல்லில் தொடங்காதீர்கள். முதலில் கன்னத்தை வெளியிலிருந்து தடவி, பிறகு உதட்டை, பிறகு ஓரத்திலிருந்து கன்னத்தின் உள்பக்கமாகப் பிரஷை நுழைத்துக் கடைவாய்க்குப் போக வேண்டும். தலை நடுவில், முகவாய் சற்றுக் கீழே. பற்பசை 1000 பி.பி.எம். ஃபுளூரைடு உள்ளதாக இருந்தால் நல்லது. இவன் துப்ப மாட்டான் என்பதால் அரிசி அளவுக்குப் பூசிவிட்டு, முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்துவிடுகிறேன். தாடை பிரஷைப் பிடித்துக்கொண்டால் இழுக்கக் கூடாது. இழுத்தால் இன்னும் இறுகும், பல் ஆடும், முள் பிய்ந்து உள்ளே போகும். கையைத் தளர்த்திவிட்டு, அவன் முகவாயைத் தாங்கிக்கொண்டு எண்ண ஆரம்பிப்பேன். பெரும்பாலும் 20க்குள் விட்டுவிடும். உலோகக் கரண்டியை வீட்டிலிருந்தே ஒழித்துவிட்டோம். உடையாத, மென்மையான கரண்டிதான். என் வலது ஆள்காட்டி விரலில் இருக்கும் தழும்பு, இதையெல்லாம் தெரிந்துகொள்வதற்கு முன் வந்தது.

நல்ல பல் மருத்துவரை எப்படி அடையாளம் காண்பது என்று பல பெற்றோர் கேட்கிறார்கள். முதல் நாள் எங்கள் மருத்துவர் செய்ததைச் சொன்னால் போதும் என்று நினைக்கிறேன். இவனைப் பல் நாற்காலிக்கு மாற்றவே இல்லை. சி.பி. சேரிலேயே சற்றுப் பின்னால் சாய்த்து, முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணையை வைத்தார். முழங்கால் மடிந்திருந்தால் முதுகு வில்லாக வளைவது குறைகிறது. விளக்கைப் போடுவதற்கு முன் போடப்போகிறேன் என்றார், உறிஞ்சு குழாயை முதலில் அவன் கையில் வைத்து உறிஞ்ச விட்டார். வாய் திறந்திருக்க ஒரு ரப்பர் கட்டையைக் கடைவாயில் வைத்தார். அதன் முனையில் நூல் கட்டி, நூல் வெளியே தொங்கியது. கண்ணாடி பிளாஸ்டிக். தண்ணீரைப் பீய்ச்சவில்லை. இரண்டு நிமிடம் வேலை, ஒரு நிமிடம் ஓய்வு. கைகால்களை யாரும் அமுக்கிப் பிடிக்கவில்லை. என் கை மட்டும் அவன் கையின் மேல் இருந்தது. மரத்துப்போகும் ஊசி போட்ட பிறகு சில மணி நேரம் அவன் தன் உதட்டைத் தானே மென்றுவிடக் கூடும், கண்ணை எடுக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினார். எடுக்க வேண்டியிராத சின்னச் சொத்தைகளுக்குத் துளை போடாமல் வெள்ளி கலந்த ஃபுளூரைடு மருந்தைத் தடவினார். சொத்தை கறுத்துப்போகும், ஆனால் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். ஒரு நிமிட வேலைதான், மயக்கம் தேவையில்லை.

முழு மயக்கம் தேவைப்படும் நாளும் வரும். அப்போது பட்டினி நேரத்தை மருத்துவர் சொன்னபடி காக்க வேண்டும். பொதுவாகப் பாலும் கஞ்சியும் 6 மணி நேரத்துக்கு முன்பே நின்றுவிட வேண்டும். ஆனால் வலிப்பு மாத்திரையையும், தசை இறுக்கத்தைத் தளர்த்தும் பேக்ளோஃபெனையும் பட்டினி என்ற பெயரில் தவறவிட்டுவிடாதீர்கள். ஒரு வாய்த் தண்ணீரோடு எப்போது கொடுக்கலாம் என்று மயக்க மருத்துவரிடமே முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்தை எடுக்கும் குழந்தை என்றால் ரத்தம் உறைவது குறைந்திருக்கலாம் என்பதால், பல்லை எடுப்பதற்கு முன் அதையும் சொல்லிவிட வேண்டும்.

செலவைப் பற்றி ஒரு வரி. கோட்டை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரியில் குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. என் கடையிலிருந்து நடக்கும் தூரம்தான். மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை தருகிறது, மூளை முடக்குவாதம் அதில் அடங்கும். 1985-ல் தொடங்கி இப்போது கோட்டூர்புரத்தில் இயங்கும் வித்யா சாகர் என்ற தொண்டு நிறுவனத்திலோ, முட்டுக்காட்டில் இருக்கும் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனத்திலோ ஏற்கெனவே குழந்தையைக் காட்டிக்கொண்டிருப்பவர்கள், எந்தப் பல் மருத்துவர் நம் குழந்தைகளைத் தயங்காமல் பார்க்கிறார் என்று அங்கே வரும் மற்ற அம்மாக்களிடம் கேட்டாலே போதும்.

சீட்டில் இருந்த அந்த வரிக்கு மாற்றாக நான் ஒரு தாள் அடித்தேன். மூன்று பிரதிகள்: சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒன்று, சேரின் பின்பையில் ஒன்று, பள்ளி வேனில் ஒன்று. எடை, மருந்துகளின் பெயரும் அளவும், மருத்துவர்களின் எண்கள், பல் விழுந்தால் பால், வாயில் வைக்க வேண்டாம், துண்டைத் தேடவும் என்று சுருக்கமாக. கடைசி வரியை மட்டும் பழக்கதோஷத்தில் "விரலை வைத்தால் கடிப்பான்" என்று அடித்துவிட்டு, பிறகு "தாடை தானாக மூடிக்கொள்ளும், இழுக்க வேண்டாம்" என்று திருத்தினேன்.

வேனில் புதிதாக வந்திருக்கும் ஆயாம்மா போன வாரம் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "இழுக்கலன்னா அப்புறம் என்னம்மா பண்றது?" என்று கேட்டார்.

"எண்ணிக்கிட்டே இருங்க," என்றேன். "இருபதுக்குள்ள விட்டுடும்."

"விட்டுடுவானா?"

"விட்டுடும்," என்றேன்.